மெஷின் சுவிட்ச்சு கருகிப் போச்சு: எம்சிபி போதுமா, ஸ்டார்ட்டர் தான் வேணுமா?

கல்லிடை மரப்பட்டறை:
அண்ணாச்சிமாரே ஒரு சந்தேகம். நம்ம பட்டறைல பலக அறுக்குற கட்டரும் இழைக்குற பிளேனரும் ஒரே மேசைல இருக்குற மெஷின், 2 எச்பி சிங்கிள் பேஸ் மோட்டாரு, பிளேட்ல 11.5 ஆம்ப்னு போட்டுருக்கு. அதுல இருந்த பச்ச செவப்பு பட்டன் சுவிட்ச்சு, மரத்தூள் உள்ள போயி போயி ஒரு பக்கம் காண்டாக்ட் கருகிட்டு, கழத்திப் பாத்தா பிளாஸ்டிக்கே உருகிக் கெடக்கு. வயர்மேன வரச் சொன்னேன், அவரு சுவத்துல 16 ஆம்ப் எம்சிபி (கரண்டு கூடுனா தானா எறங்குற சுவிட்ச்சு) ஒண்ண மாட்டி "இதயே தூக்கி எறக்கி ஓட்டிக்கிடுங்க, வேற எதுக்கு"ன்னுட்டுப் போயிட்டாரு. ஓடத்தான் செய்யுது. ஆனா டவுன்ல கடைக்காரரு ஸ்டார்ட்டர் தான், அதான் பம்பு மோட்டாருக்கு இருக்குற பட்டன் பெட்டி, போடணும்காரு. எது சரி? ரெண்டு சின்னப் பயலுவ வேல பாக்கானுவ, அதான் கேக்கேன்.

பாளை வயர்மேன்:
உங்க வயர்மேன் செஞ்சது சரி தம்பி. 11.5 ஆம்ப் மோட்டாருக்கு 16 ஆம்ப் எம்சிபி, சி டைப்பா இருந்தா ஸ்டார்ட்டிங்ல எடுக்குற நாலஞ்சு மடங்கு கரண்டயும் தாங்கிக்கிடும், ஷார்ட் ஆனா தட்டி விட்டுரும். சுவிட்ச்சும் ஆச்சு, பாதுகாப்பும் ஆச்சு. எரநூறு ரூவாயில முடியுற வேலைக்கு கடைக்காரன் சொன்னாம்னு ரெண்டாயிரத்த ஏன் எடுத்து நீட்டணும்? நான் மாட்டிக் குடுத்த பட்டறை எத்தனையோ இன்னைக்கும் எம்சிபில தான் ஓடுது.

பேட்டை வைண்டிங்:
ஓய் பாளை, உம்ம எம்சிபில ஓடுன மோட்டாரு பூரா எங்கிட்ட தான வே வருது, எனக்கென்ன, நீரு மாட்டிக்கிட்டே இரும்.

தம்பி, நீங்க கேளுங்க. 16 ஆம்ப் எம்சிபி 17, 18 ஆம்ப் போனா தட்டாது. 1.13 மடங்கு வரைக்கும் ஒரு மணி நேரம் அசையாம நிக்கணும், 1.45 மடங்கு, அதாவது 23 ஆம்ப் போனா ஒரு மணி நேரத்துக்குள்ள தட்டணும், அதுக்கு செஞ்ச கணக்கே அதான். அது காப்பாத்துறது வயர. 11.5 ஆம்ப் மோட்டாரு மொன்னை பிளேடுல வேங்கையப் போட்டு தள்ளும்போது 17 ஆம்ப் எடுத்துக்கிட்டு நின்னா எம்சிபி பேசாம பாத்துக்கிட்டு இருக்கும், உள்ள வைண்டிங் வார்னிஷ் மணக்கும். ஸ்டார்ட்டர்ல ஓவர்லோடு ரிலேய, அதான் மோட்டாரு கூடுதலா கரண்டு இழுத்தா வெட்டுறத, 11.5-ல திருப்பி வச்சிட்டா அது இந்த மாதிரி ஓட விடாது.

பாளை வயர்மேன்:
மொன்னை பிளேடுல எவன் தள்ளச் சொன்னான்? பிளேட தீட்டச் சொல்லும்.

அம்பை கடைசல்:
ரெண்டு பேரும் மோட்டாரப் பத்தியே பேசுதீய, தம்பி கேட்டது பயலுவ கையப் பத்தி. எங்க ஊர்ல சொப்பு சாமான் கடையுற பட்டறை ஒவ்வொண்ணுலயும் சுவிட்ச்சு ஒவ்வொரு தினுசா இருக்கும், நானும் கடைசல் மெஷின்ல தான் பொழைக்கேன், அதனால சொல்லுதேன். ஆம்ப் கணக்கு பெறகு. கட்டர்ல பலக பாதி போயிருக்கும்போது கரண்டு போவுதுன்னு வச்சுக்கிடுங்க. பிளேடு பலகைக்குள்ளயே பல்லக் கடிச்சிக்கிட்டு நிக்கும். பயலுக்கு என்ன தோணும்? ரெண்டு கையாலயும் பலகைய ஆட்டி ஆட்டி இழுப்பான். எம்சிபி சுவத்துல மேல தூக்குனபடியே இருக்கு, எறக்க ஒருத்தனுக்கும் ஞாபகம் வராது, ஏன்னா மெஷின் தான் நின்னுட்டே. அந்த நேரத்துல ஈபிக்காரன் கரண்ட விட்டா? எங்க பக்கத்துல ஒரு பட்டறைல இப்பிடித்தான் ஒரு பையனுக்கு ரெண்டு விரல் போச்சு.

பாளை வயர்மேன்:
அண்ணாச்சி அது சுவிட்ச்சு தப்பு இல்ல, பழக்கத் தப்பு. கரண்டு போனா மொதல்ல எம்சிபிய எறக்கு, பெறகு பலகையத் தொடு, இத சொல்லிக் குடுத்துட்டா தீந்துச்சு.

அம்பை கடைசல்:
பதினெட்டு வயசுப் பயலுக்கு சொல்லிக் குடுத்துட்டு நீரு வீட்டுல போயி நிம்மதியா தூங்குவீரா வே.

பேட்டை வைண்டிங்:
அதான் நானும் சொல்ல வந்தேன். ஸ்டார்ட்டர்ல இது தானா நடக்கும். பச்சைய அமுக்குனா காயிலுக்கு கரண்டு போயி காண்டாக்டர், அதான் காந்தத்துல மூடுற சுவிட்ச்சு, இழுக்கும், இழுத்ததும் 13-14ன்னு நம்பர் போட்ட காண்டாக்ட்டு மூடிக்கிட்டு தன்னத்தானே புடிச்சிக்கிடும், பச்சைய விட்டாலும் ஓடும். கரண்டு போனா காயில் விட்டுரும். திரும்ப வந்தா மறுபடி யாராச்சும் பச்சைய அமுக்குனா தான் உண்டு. தம்பியோட பழைய பட்டன் சுவிட்ச்சும் அநேகமா அந்த ஜாதி தான், உள்ள சின்னதா காயில் வச்சது, கரண்டு போனா "டக்"குனு விடும். அதக் கழத்தி எம்சிபி போட்டா மெஷினோட வந்த பாதுகாப்பக் கழத்திப் போட்டதாத்தான் அர்த்தம்.

2025 வரைக்கும் இருந்த 1948 ஃபேக்டரி சட்டத்துல 24-வது பிரிவே மெஷின்ல பவர வெட்டுற ஏற்பாட்டப் பத்தி தான், ஆஃப்ல இருக்குறது தெரியாம ஆன் ஆவ வாய்ப்பிருந்தா அதப் பூட்டி வைக்க வழி இருக்கணும்னு சொல்லிச்சு. நம்ம ரெண்டாள் பட்டறைக்கு அது பொருந்தாதுன்னு நீரு சொல்லுவீரு. சட்டம் பொருந்தாட்டியும் பிளேடு பொருந்தும்லா.

களக்காடு வாழை:
குறுக்க வாரதுக்கு மன்னிக்கணும். எங்க தோட்டத்து மோட்டாருக்கும் ஸ்டார்ட்டர் தான் இருக்கு, ஆனா கரண்டு வந்ததும் அதுபாட்டுக்கு ஓட ஆரம்பிச்சிருதே? நடுச்சாமம் கரண்டு வந்தா தண்ணி தானா பாயும். அப்பம் ஸ்டார்ட்டர் போட்டா மட்டும் கை எப்பிடித் தப்பும்?

பேட்டை வைண்டிங்:
உங்க பெட்டிக்குள்ள ஆட்டோன்னு ஒண்ணு வச்சிருப்பாவ அண்ணாச்சி, கரண்டு வந்ததும் கொஞ்ச நேரம் கழிச்சி அதுவே பச்சைய அமுக்குறதுக்கு. கெணத்துக்குள்ள யாரு கைய விடப் போறா, அங்க அது நல்லது. மரப்பட்டறைல அதப் போட்டா கொலகாரன். தம்பி இத நல்லா குறிச்சிக்கிடுங்க, நம்ம பக்கத்து கடையில ஸ்டார்ட்டர்னு கேட்டாலே பம்புக்குன்னு நெனச்சி ஆட்டோவோட எடுத்து வைப்பான், வேண்டாம்னு சொல்லிருங்க.

இன்னொண்ணு, காயில் வோல்டேஜு. பம்பு ஸ்டார்ட்டர்ல 415 காயில் வரும், த்ரீ பேஸுக்கு. உங்களுக்கு 240 காயில். மாத்தி வாங்கிட்டு வந்தா பட்டன அமுக்கி அமுக்கி விரல் தான் வலிக்கும்.

பாளை வயர்மேன்:
இப்பம் நான் ஒண்ணு கேக்கேன். ஆடி மாசக் காத்துல லைன்ல கொப்பு அடிச்சி அடிச்சி கரண்டு கண்ணச் சிமிட்டும், சாயந்திரம் ஆனா கடைசி டிரான்ஸ்பார்மர்ல 180 வோல்ட் தான் வரும். 240 காயில் 85 சதவீதம், அதாவது 204 வோல்ட்டாவது இருந்தா தான் ஒழுங்கா இழுக்கும்னு கம்பெனிக்காரனே போடுதான். 180-ல அது "டர்ர்ர்"னு அடிக்கும். இழுத்து விட்டு இழுத்து விட்டு காண்டாக்ட்டு பொறி பறந்து கடைசில ஒட்டிக்கிடும். ஒட்டிக்கிட்டா செவப்ப என்ன அமுக்குனாலும் மெஷின் நிக்காது! அப்பம் உம்ம ஸ்டார்ட்டர் எந்தக் கையக் காப்பாத்துது? எம்சிபிக்கு வோல்டேஜு ஒரு பொருட்டே இல்ல, எறக்குனா எறங்கிரும். பேட்டைல இண்டஸ்ட்ரியல் எஸ்டேட் லைன்ல உக்காந்துக்கிட்டு கல்லிடைக்காரனுக்கு சொல்லாதீரும்.

பேட்டை வைண்டிங்:
இது வாஸ்தவமான கேள்வி, ஒத்துக்கிடுதேன். ஆனா 180 வோல்ட்ல அந்த மோட்டார ஓட்டவே கூடாது வே. லோடோட வோல்டேஜு கொறஞ்சா கரண்டு ஏறும், ஸ்டார்ட் ஆவாம முக்கிக்கிட்டு நிக்கும், ஸ்டார்ட்டிங் கபாசிட்டர் வெடிச்சி வாரது பாதி இதுலதான். காயில் இழுக்கலன்னா "இப்பம் ஓட்டாதே"ன்னு சொல்லுதுன்னு எடுத்துக்கிடணும். "டர்ர்ர்" கேட்டா கைய எடுத்துரணும், பட்டன அமுக்கிப் புடிச்சிக்கிட்டு நிக்கக் கூடாது.

ஒட்டிக்கிடுறதுக்கு மருந்து, முன்னாடி எம்சிபியும் இருக்கணும். நான் எம்சிபிய கழத்தித் தூரப் போடச் சொல்லலயே. ஷார்ட்டுக்கும் வயருக்கும் அது, தெனம் தூக்கி எறக்குறதுக்கு காண்டாக்டரு. எம்சிபிக்கு ஸ்டாண்டர்டுல லோடோட 4,000 தடவ தான் டெஸ்ட்டு. பட்டறைல ஒரு நாளைக்கு நாப்பது தடவ தூக்கி எறக்குனா நூறு நாள்ல அது முடிஞ்சிரும்.

பாளை வயர்மேன்:
கம்பெனி கேட்டலாக்ல 10,000, 20,000னு போட்டுருக்கான், நீரு 4,000த்த எங்கேருந்து புடிச்சீரு?

பேட்டை வைண்டிங்:
4,000 கொறஞ்சபட்சம், அதுக்கு மேல கம்பெனிக்காரன் சாமர்த்தியம். பெரிய நம்பரு பெரும்பாலும் லோடு இல்லாம சும்மா ஆட்டுறதுக்கு. ஏசி-3ன்னு போட்ட காண்டாக்டரு மோட்டாருக்குன்னே செஞ்சது, அது லட்சக்கணக்குல போவும். வீட்டு 16 ஆம்ப் சுவிட்ச்ச மோட்டாருக்குப் போட்டு சீக்கிரம் கருக்குறதும் இதே கதைதான், ஹீட்டருக்கு 16 தாங்குறது மோட்டாருக்குத் தாங்காது.

கல்லிடை மரப்பட்டறை:
அண்ணாச்சி, பழைய மாதிரியே சின்ன பட்டன் சுவிட்ச்சு ஆன்லைன்ல கெடைக்கு, காயில் வச்சதுன்னு போட்டுருக்கான், வெல பாதி கூட இல்ல. அது போதுமா?

பேட்டை வைண்டிங்:
போடலாம். உடம்புல 16ன்னு போட்டு பக்கத்துல பிராக்கெட்ல ஒரு நம்பரு போட்டுருப்பான், பிராக்கெட்ல இருக்குறது தான் மோட்டாருக்கு. அது 12ன்னா உங்க 11.5-க்கு நூலுல நிக்கும், 8ன்னா வாங்கவே வாங்காதீய. அதுல ஓவர்லோடும் கெடையாது. 2 எச்பிக்கு நான் ஸ்டார்ட்டரே சொல்லுவேன், 1 எச்பின்னா இதச் சொல்லுவேன்.

ஸ்டார்ட்டர் போட்டா ஒண்ணு கவனிங்க. ரிலேல மூணு போல், அதான் கரண்டு போற வழி, இருக்கும், உங்களுக்கு பேஸு நியூட்ரல் ரெண்டு தான். ரெண்டுல மட்டும் குடுத்து மூணாவத சும்மா விட்டா பல ரிலே ஒரு பேஸு போச்சுன்னு நெனச்சி சீக்கிரமே தட்டும், பெறகு நீங்க அத 16-ல திருப்பி வைப்பீய, போச்சு. ஒண்ணு வழியா போயி வெளிய வந்தத திருப்பி அடுத்ததுல விட்டு, மூணு போல்லயும் மோட்டாரு கரண்டு ஓடுற மாதிரி கொடுக்கணும்.

பாளை வயர்மேன்:
அத நான் எப்பவும் அப்பிடித்தான் கொடுக்கது. நீரு ஒண்ணும் புதுசா சொல்லல. தம்பி, எந்த எழவப் போட்டாலும் வயரச் சுருட்டி ஸ்குரூவுல மாட்டாதீய, வயர் முனைல லக்கு அடிச்சி மாட்டுங்க, பாதி சுவிட்ச்சு கருகுறது லூசுல தான். பேஸயும் நியூட்ரலயும் சேத்து வெட்டுறதா இருக்கணும், பிளக்குல வயர மாத்தி மாட்டுனா ஆஃப்லயும் மோட்டாருக்குள்ள கரண்டு இருக்கும். எர்த்து வயரு இல்லாம என்னக் கூப்பிடாதீய. ஆனா இன்னமும் சொல்லுதேன், பயலுவ நல்லா இருந்தா எம்சிபியே போதும்.

அம்பை கடைசல்:
பயலுவ நல்லாத்தான் இருப்பானுவ, பலக நல்லா இருக்காது.

தம்பி எதப் போட்டாலும் செவப்பு பட்டன் எங்க இருக்குன்னு பாருங்க. சுவத்துல வேண்டவே வேண்டாம். ரெண்டு கையும் பலகைல இருக்கும், பலக உதறுது, சுவத்துக்கு ரெண்டு எட்டு போவணும்னா எவன் போவான்? மேசைக்கு முன்னாடி, கீழ, முழங்கால் ஒசரத்துல, பெரிய காளான் மாதிரி செவப்பு பட்டன் வச்சிக்கிடுங்க. முட்டியால ஒரு இடி இடிச்சா நிக்கணும். பச்சைய மட்டும் உள்வாங்குனதா, தெரியாம படாத எடத்துல வைங்க. பிளேடத் தாண்டி கைய நீட்டி அமுக்குற மாதிரி ஒரு பட்டனும் இருக்கப்படாது.

கல்லிடை மரப்பட்டறை:
சரிய்யா. பம்பு ஸ்டார்ட்டர விடச் சின்ன சைசு, 240 காயில், ஆட்டோ இல்லாம, ரிலே 11.5 நடுவுல வார மாதிரி, வாங்கிருதேன். எம்சிபி சுவத்துலயே முன்னாடி இருக்கட்டும். தனியா ஒரு காளான் பட்டன் மேசைக் கால்ல, அத ஸ்டாப் வயர்லயே வரிசையாச் சேத்துரலாம்லா?

பேட்டை வைண்டிங்:
சேக்கலாம், ரெண்டு ஸ்டாப்பும், ரிலே தட்டுனா தெறக்குற 95-96 காண்டாக்ட்டும் ஒரே வரிசைல வரணும், எதுல அத்துப் போனாலும் காயில் விடணும். தூள் போவாத பெட்டியா, கேபிள் நொழையுற எடத்துல அதச் சுத்தி எறுக்குற கிளாண்டு போட்டு, பெட்டிய மரத்துல அடிக்காம இரும்புக் கால்ல மாட்டுங்க. மாட்டி முடிச்சதும் பலக எதுவும் இல்லாம ஓட விட்டு மெயின எறக்கி ஏத்திப் பாருங்க. தானா ஓடுனா எங்கயோ தப்பு, அன்னைக்கு மெஷினத் தொடாதீய.

பாளை வயர்மேன்:
மாட்டுறதுக்கு ஆள் வேணும்னா சொல்லுங்க தம்பி, கூலி எம்சிபிக்கு ஒண்ணு, ஸ்டார்ட்டருக்கு ஒண்ணு தான்.

களக்காடு வாழை:
அப்பம் என் தோட்டத்துல ஆட்டோ இருக்கட்டும்லா?

பேட்டை வைண்டிங்:
இருக்கட்டும் அண்ணாச்சி, கெணத்துக்குள்ள எறங்குற அன்னைக்கு மட்டும் மெயினயே எறக்கி பீஸப் புடுங்கி மடில வச்சிக்கிட்டு எறங்குங்க.