விரல் எழுத்தில், கண் படத்தில்

படப் புத்தகம் வைத்து வாசிக்கக் கற்றுத்தரும் ஆசிரியர்கள் சிலரின் குறிப்புகள் இவை.

*

ஒன்றாம் வகுப்பு எடுக்கிறேன். பூனைக்குட்டி வெறும் கிண்ணத்தைப் பார்த்தபடி உட்கார்ந்திருக்கும் படம். கீழே 'பால் இல்லை' என்று இரண்டே சொல். ஒரு சிறுமி சொல்லுக்குச் சொல் விரல் வைத்து, "கிண்ணம் காலி" என்று கணீரென்று படித்தாள். விரலும் தப்பவில்லை, பொருளும் தப்பவில்லை. எழுத்தை மட்டும் பார்க்கவே இல்லை.

இப்படி நடந்தால் படத்தைக் கையால் மூடிவிட்டு எழுத்துக் கூட்டச் சொல்வது என் வழக்கம். அன்றும் மூடினேன். முகம் வாடிப்போய் வாயே திறக்கவில்லை. சரி என்று கையை எடுத்துவிட்டு, "கிண்ணம்னு சொன்னா முதல்ல என்ன சத்தம் வருது?" என்று கேட்டேன்.

"கி."

"இங்க கி இருக்கா, பாரு."

குனிந்து பார்த்தாள். "இல்லையே டீச்சர். ப... கால் இருக்கு... பா." மறுபடி படத்தைப் பார்த்தாள். "பால்! பால் இல்லை!" அவள் போட்ட சத்தத்தில் வகுப்பே திரும்பியது.

பாலைக் கண்டுபிடிக்க உதவியது அந்தப் படமும்தான். இத்தனை நாள் அதையே மூடி வைத்திருந்தேனே என்று மனம் அடித்துக்கொண்டது.

*

என் வகுப்பிலும் இதே கதைதான். நாம் வாசித்துக் காட்டும்போது சின்னக் குழந்தைகளின் கண் பெரும்பாலும் படத்திலேயே நிற்கிறது, எழுத்துப் பக்கம் அரிதாகத்தான் போகிறது என்று கண் அசைவை அளந்த ஆய்வுகளே சொல்கின்றன. அதனால் முதல் வாசிப்பில் கதை மட்டும். மறுநாள் அதே புத்தகத்தை வரிக்குக் கீழே விரலை ஓட்டியபடி படிப்பேன், நடுவில் ஓரிரு எழுத்தைக் கேட்பேன். பக்கத்துக்குப் பக்கம் கேள்வி கேட்டால் கதை செத்துவிடும்.

*

எழுத்தே இல்லாத படப் புத்தகத்தையும் விட்டுவிடாதீர்கள். புத்தகத்தைத் தொடவே பயந்த ஒரு பையன், நாய் மழையில் நிற்கும் படத்தைப் பார்த்து, "நாய் நனைஞ்சு போச்சு" என்றான். அவன் சொன்னபடியே சீட்டில் எழுதிப் படத்துக்குக் கீழே வைத்தேன். பேச்சுத் தமிழை எழுதிக் காட்டலாமா என்று தயக்கம்தான். ஆனால் மறுநாள் அந்தச் சீட்டைத் தானே எடுத்துப் படித்தான். அவன் படித்த முதல் வாக்கியம் அது.

சில வாரம் கழித்து வேறொரு கதையில் 'நனைந்தது' என்று வந்தது. பழைய சீட்டைத் தேடி எடுத்து வந்து பக்கத்தில் வைத்தான்.

"ரெண்டும் ஒண்ணா டீச்சர்?"