டாப் டான்ஸ்: சிங்கிள் டைம் ஸ்டெப்பில் பக்கம் மாறும்போது கால் மாட்டிக்கொள்கிறது, உதவி தேவை

புதுத்தகடு:
வணக்கம். டாப் டான்ஸ் வகுப்பில் இப்போது சிங்கிள் டைம் ஸ்டெப் என்ற அடித்தொடர் போய்க்கொண்டிருக்கிறது: ஷஃபிள் (காலை முன்னும் பின்னும் உரசும் இரண்டு சத்தம்), ஹாப் (நிற்கும் காலிலேயே ஒரு குதி), ஸ்டெப் (கால் மாற்றி எடை வைத்து ஒரு அடி), ஃபிளாப் (முன்னால் உரசி அதே காலை ஊன்றும் இரண்டு சத்தம்), ஸ்டெப். வலது காலில் தொடங்கி ஒரு தடவை மட்டும் செய்தால் நன்றாகவே வருகிறது. உடனே இடது காலில் ஷஃபிள் எடுக்க வேண்டும் இல்லையா, அங்கேதான் சிக்கல், இடது கால் தரையை விட்டு எழும்பவே மாட்டேன் என்கிறது. பாட்டோடு செய்தால் இன்னும் மோசம், அரை எண்ணிக்கை முந்திப் போய்விடுகிறேன். ஷூவின் அடியில் இருக்கும் உலோகத் தகடு வேறு சலசலக்கிறது, அதனால் இருக்குமோ? வீட்டில் சிமெண்ட் தரையில் பழகுகிறேன்.

ஓரத்து மேடை:
தகடு சலசலத்தால் திருகாணி தளர்ந்திருக்கும், ஸ்க்ரூடிரைவரால் இறுக்குங்கள். உங்கள் சிக்கலுக்கும் அதற்கும் சம்பந்தம் இல்லை. ஆனால் சிமெண்ட் தரையை இன்றோடு விடுங்கள், அது கொஞ்சமும் நெகிழ்ந்து கொடுக்காது, அடி முழுக்க முழங்காலுக்கும் கணுக்காலுக்கும் போகும். ஒரு பிளைவுட் பலகை வாங்கி அடியில் ரப்பர் பாய் போடுங்கள், கீழ் வீட்டுக்காரரும் சண்டைக்கு வரமாட்டார். ஸ்டெப்புக்கு ஒரே வழி, மெட்ரோனோம் (சீராகத் தாளம் தட்டும் கருவி) வைத்து மெதுவாகப் பழகுவதுதான்.

ஏழு சத்தம்:
மெதுவாகச் செய் என்பது பாதிதான் சரி. ஹாப்பை ரொம்ப மெதுவாகச் செய்ய முடியாது, அந்தரத்தில் நிற்கவா முடியும்? மெதுவாகப் பழகும்போது ஹாப்புக்குப் பதில் அதே காலின் குதிகாலை மட்டும் தூக்கித் தட்டுங்கள், வேகம் வந்தபின் ஹாப்பைத் திரும்பச் சேருங்கள்.

இப்போது மாட்டிக்கொள்ளும் இடம். வலது ஷஃபிள் அடிக்கும்போது உடம்பின் எடை இடது காலில், ஹாப்பும் இடது காலில்தான். அப்புறம் ஸ்டெப் வலது, ஃபிளாப் இடது, கடைசி ஸ்டெப் வலது. அந்தக் கடைசி ஸ்டெப்பை நிறையப் பேர் சத்தத்துக்காகத் தொட்டுவிட்டு எடையை இடது காலிலேயே வைத்திருப்பார்கள், பிறகு இடது கால் எப்படி எழும்பும்? சோதித்துப் பாருங்கள்: கடைசி ஸ்டெப்பில் அப்படியே உறைந்து நில்லுங்கள், இடது காலைத் தூக்குங்கள். தூக்கும் முன் உடம்பு வலது பக்கம் சாய வேண்டியிருந்தால் எடை மாறவில்லை என்று அர்த்தம்.

முந்திப் போவதற்குக் காரணம் வேறு. எண்ணிக்கை ஒன்றில் தொடங்காது, அதற்கு முந்தைய எட்டில் தொடங்கும். இரண்டு எண்ணிக்கைக்கு நடுவில் வரும் அரையைத்தான் அண்ட் என்கிறோம். எட்டு-அண்ட் ஷஃபிள், ஒன்று ஹாப், இரண்டு ஸ்டெப், அண்ட்-மூன்று ஃபிளாப், அண்ட் ஸ்டெப். மொத்தம் அரை எண்ணிக்கைகள் எட்டு, ஆனால் சத்தம் ஏழுதான், ஒன்றுக்குப் பின்னால் ஒரு மௌனம் இருக்கிறது. ஹாப் முடிந்ததும் அவசரப்பட்டு ஸ்டெப்பை அந்த மௌனத்தில் போட்டுவிட்டால் மீதி எல்லாம் அரை முந்திப் போகும். அதற்கு நேர்மாறாக, கடைசி ஸ்டெப்புக்கும் அடுத்த ஷஃபிளுக்கும் நடுவில் இடைவெளியே கிடையாது, நான்கில் இடது கால் கிளம்பியாக வேண்டும்.

பழைய வாட்வில் (அமெரிக்கப் பல்சுவை நிகழ்ச்சி) மேடைகளில் ஆடுபவர் தனக்கு வேண்டிய வேகத்தை இந்த ஸ்டெப்பை வைத்துத்தான் வாத்தியக்காரர்களுக்குக் காட்டினார், பெயரே அதனால்தான். ஆடுபவரே முந்தினால் அவர்கள் யாரைப் பார்த்து வாசிப்பது!

புதுத்தகடு:
நன்றி அண்ணா. உறைந்து நின்று பார்த்தேன், சாய்ந்துதான் தூக்குகிறேன். குதிகால் தட்டி மெதுவாகச் செய்ததில் இரண்டு பக்கமும் தொடர்ந்து வருகிறது, ஹாப் சேர்த்தால் மட்டும் அந்த மௌனம் இன்னும் சுருங்குகிறது. அடுத்த வாரம் பிரேக் (டைம் ஸ்டெப்பை முடித்து வைக்கும் அடித்தொடர்) சொல்லித் தரப்போகிறார்களாம், இப்போதே பார்த்து வைக்கவா?

ஏழு சத்தம்:
வேண்டாம். ஆறு பார் (ஒரு பார் என்பது நான்கு எண்ணிக்கை) டைம் ஸ்டெப், இரண்டு பார் பிரேக், மொத்தம் எட்டு பார், இதுதான் வழக்கமான அமைப்பு. ஆறு பார் தடுமாறாமல் வரட்டும். பிரேக் ஆசிரியருக்கு ஆசிரியர் மாறும், வீடியோ பார்த்துப் போனால் அங்கே இன்னொன்று இருக்கும். கை சும்மா இருக்காது என்றால் டபுள் டைம் ஸ்டெப்பை முயலுங்கள், ஹாப்புக்கு அடுத்த ஸ்டெப்பை ஃபிளாப்பாக மாற்றினால் போதும், உங்களைப் படுத்தும் அந்த மௌனத்திலும் ஒரு சத்தம் வந்து உட்கார்ந்துவிடும்.

ஓரத்து மேடை:
கை இல்லை, கால். முதலில் பலகை வாங்குங்கள்.