டாலோஸ் சாமியா, இல்லையா? ஸ்கைரிம் வாக்குவாதம் வீட்டுக்குள் வந்த அனுபவங்கள்

அம்மாப்பேட்டை, சேலம்

நான் சொல்ல வருவது 2022-ல், ஆடி முடியும் சமயத்தில் நடந்தது. ஸ்கைரிம் 2011 நவம்பரில் வந்த வீடியோ கேம். எங்கள் வீட்டுக்கு அது ரொம்பத் தாமதமாகத்தான் வந்தது, சித்தப்பா பையன் பழைய கம்ப்யூட்டர் ஒன்றை வாங்கி டிவியில் மாட்டிய பிறகு.

கேமில் வரும் வைட்ரன் ஊருக்குள் போனவர்களுக்குத் தெரியும். பெரிய மரத்துக்குப் பக்கத்தில் டாலோஸ் சிலை. அதன் முன்னால் ஹைம்ஸ்கர் என்ற பூசாரி பொழுதுக்கும் தொண்டை கிழியப் பிரசங்கம் பண்ணிக்கொண்டிருப்பான். அந்தச் சத்தத்தில் மதியத் தூக்கம் கலைந்து ஆயா எழுந்து வந்துவிட்டார்.

"யாருடா கண்ணு இது? கையில கத்தி, காலடியில பாம்பு. நம்ம ஊரு முனியப்பனாட்டமே நிக்கறான்?"

தம்பி கதையைச் சொன்னான். டைபர் செப்டிம் என்று ஒரு ராஜா. நாடு முழுவதையும் ஒரே குடையின் கீழ் கொண்டுவந்தவன். செத்த பிறகு டாலோஸ் என்ற பெயரில் சாமி ஆனான். ஏற்கனவே எட்டுச் சாமி, இவனோடு ஒன்பது. கேமில் மனிதர்களுக்கு எதிராக நிற்கும் எல்ஃப் இனத்தார் இவனை ஏற்கவில்லை. பெரிய போர் ஒன்று நடந்து, உடன்படிக்கை எழுதும்போது "டாலோஸைக் கும்பிடக் கூடாது" என்று ஒரு ஷரத்துப் போட்டார்கள். கேமில் நடக்கும் உள்நாட்டுச் சண்டையில் பாதி அந்த ஒரு ஷரத்தால் வந்தது.

தம்பி கட்சி: டாலோஸ் சாமிதான். அவன் பீடத்தைத் தொட்டால் நோய் போகிறது. கேமில் நம் ஆளுக்குக் கர்ஜனைதான் மந்திர ஆயுதம்; ஒரு தடவை கர்ஜித்த பிறகு அடுத்த கர்ஜனைக்குக் காத்திருக்கும் நேரம் 20 சதவீதம் குறைகிறது. மற்ற எட்டுப் பேர் பீடமும் இப்படித்தான் ஆளுக்கொரு பலன் தருகிறது. சாமி இல்லாதவன் பீடம் எப்படிப் பலன் தரும்?

நான் ஒத்துக்கொள்ளவில்லை. இதே வரிசையில் 2002-ல் வந்த மாரோவிண்டு என்ற கேமில் மூன்று பேர் உயிரோடு சாமியாகவே உட்கார்ந்திருப்பார்கள். ஊரே கும்பிடும், அவர்களுக்கு உண்மையிலேயே சக்தியும் இருக்கும். ஆனால் அது லோர்கான் என்ற ஆதி தெய்வத்தின் இதயத்திலிருந்து கருவி வைத்து எடுத்த சக்தி. இதயத்தின் கட்டு அவிழ்ந்ததும் இவர்கள் சக்தியும் போய்விடும். சக்தி இருப்பதால் மட்டும் ஒருவன் சாமி ஆகிவிட மாட்டான் என்பது என் கட்சி.

ஒரு மணி நேரம் கத்தியிருப்போம். ஆயா ஊடே புகுந்து கேட்டார்: "கும்பிடாதேன்னு சொன்னானே, அவனுக்கு இதுல என்ன நட்டம்?"

நாங்கள் இரண்டு பேரும் அந்தப் பக்கமே போயிருக்கவில்லை. யோசித்துத்தான் பதில் சொன்னேன். எல்ஃப்கள் தங்களைத் தெய்வங்களின் வம்சம் என்று நம்புகிறவர்கள். லோர்கான்தான் தங்கள் முன்னோரை ஏமாற்றி, சாவு உள்ள இந்த உலகத்தைப் படைக்க வைத்தான், தங்கள் தெய்வீகம் அதில்தான் பறிபோனது என்று அவர்களுக்குத் தீராத ஆத்திரம். அதே லோர்கானை ஸ்கைரிம் நாட்டு மனிதர்களான நார்டுகள் ஷோர் என்று பெயர் சொல்லித் தங்கள் குலத்தின் வீரனாகக் கொண்டாடுகிறார்கள். தாங்கள் இழந்த இடத்தில் ஒரு மனிதன் ஏறி உட்கார்ந்தால் எல்ஃப்களுக்கு எப்படிப் பொறுக்கும்?

"பங்காளிச் சண்டைன்னு சொல்லு" என்றார் ஆயா.

அதற்குள் தம்பி எங்கள் சேலத்துக் கோயில் சாமியான தலைவெட்டி முனியப்பனை இழுத்துவிட்டான். நம் பக்கத்து ஆட்களுக்கு விவரம் தெரிந்திருக்கும். 2011-ல் போட்ட வழக்கு. தொல்லியல் துறை சிலையைப் பார்த்து அறிக்கை கொடுத்தது. தாமரைப் பீடம், மடியில் தியானத்தில் கை, சுருள் முடி, நீண்ட காது. வெட்டுப்பட்டிருந்த தலையைச் சிமெண்ட் வைத்து ஒட்டியிருந்தார்கள். அது புத்தர் சிலை என்று 2022-ல் சென்னை உயர் நீதிமன்றம் சொல்லிவிட்டது. பார்க்கப் போகலாம், பூசை கூடாது. "டாலோஸுக்கு நடந்ததுதான் இங்கேயும்" என்றான் தம்பி.

எனக்குச் சுருக்கென்றது. அவன் சொன்னது தப்பு என்று இன்றைக்கும் நினைக்கிறேன். எல்ஃப்கள் டாலோஸை ஒன்றுமில்லாதவன் ஆக்கப் பார்த்தார்கள். இங்கே, உள்ளே உட்கார்ந்திருப்பவர் யார் என்று கல்லைப் பார்த்துச் சொல்லியிருக்கிறார்கள். ஒரு காலத்தில் தலை போய், பெயரும் போய் இருந்தவருக்குப் பெயர் திரும்பக் கிடைத்திருக்கிறது. ஆனாலும் ஆயா அங்கே போய்க் கும்பிட்டவர். அவர் எதிரில் இதை எப்படிச் சொல்வது என்று நான் தடுமாறிக்கொண்டிருந்தேன்.

ஆயாவே சொன்னார். "அந்தச் சாமி கையில கத்தி இல்லைன்னு எனக்கு அப்பவே தெரியும் கண்ணு. மடியில கைய வச்சுக்கிட்டு உக்காந்திருக்கும். பேசாத முனின்னு நெனச்சுக்கிட்டேன். மத்த முனிகிட்ட வேண்டுற மாதிரி அவன வெட்டு இவன வெட்டுன்னெல்லாம் அங்க வேண்டுனதில்ல."

சாக்கியமுனி என்று புத்தருக்கு ஒரு பெயர் உண்டு. ஆயாவுக்கு அது தெரிய வழியில்லை. நான் சொன்னேன். "அப்பச் சரியாத்தான் கூப்பிட்டிருக்கேன்" என்று சொல்லிவிட்டுக் காப்பி போட எழுந்து போனார்.

ஏற்காடு

மேலே எழுதியவர் ஆயாவுக்கு என் வணக்கம்.

எனக்கு வாதம் நடந்தது அதே ஸ்கைரிமில் வரும் அசூரா என்ற தெய்வத்தைப் பற்றி. பனிமலை உச்சியில் கையில் நிலாவும் நட்சத்திரமும் ஏந்தி ஒரு பெரிய சிலை, அதன் கீழே அரேனியா என்று தனியாக ஒரு பூசாரிப் பெண். காத்திருப்பதுதான் அவள் வேலை. நாம் காரியத்தை அசூரா கேட்டபடியே முடித்துக் கொடுத்தால், அவளுக்குக் கடைசியாக ஒரு காட்சி வரும். அதோடு தெய்வம் பேச்சை நிறுத்திவிடும். அடுத்து என்ன செய்வதென்று தெரியாமல் அவள் நிற்பாள்.

கூட விளையாடும் நண்பன், "மனுசங்கள வேலை வாங்கிட்டுக் கை கழுவுற சக்தி அது, சாமி கெடையாது" என்றான். மறுநாள் காலை அவனைச் சேர்வராயன் கோயிலுக்குக் கூட்டிப் போனேன். 1,623 மீட்டர் உச்சி. குனிந்துதான் உள்ளே போக வேண்டும், குகை அவ்வளவு தாழ்வு. உள்ளே சேர்வராயனும் காவேரி அம்மனும். மலையாளி என்று பெயர் கொண்ட எங்கள் மலைவாழ் சனங்கள் காஞ்சியிலிருந்து வந்த அண்ணன் தம்பி மூன்று பேர் வழி என்றும், ஒருத்தர் இந்த மலை, மற்ற இருவர் பச்சைமலை, கொல்லிமலை என்று பிரிந்தார்கள் என்றும் பெரியவர்கள் சொல்வார்கள். அந்தக் கதையை அவனுக்குச் சொன்னேன். மே மாதத் திருவிழாவுக்கு மலை கொள்ளாத கூட்டம் வரும். அன்றைக்கு நாங்கள் இருவரும் பூசாரியும் மட்டும்தான். பாறையில் கசிந்த தண்ணீர் என் கழுத்தில் விழுந்து சில்லென்றது.

வெளியே வந்து பூசாரியிடம் நண்பனே கேட்டான், சாமி உங்களிடம் பேசுமா என்று.

"பேசுனா நல்லதுதான். பேசலைன்னாலும் வெளக்கு வைக்கணுமில்ல" என்றார்.

இறங்கும் வழியில் நண்பன் அசூராவைப் பற்றி எதுவும் சொல்லவில்லை. "அரேனியாவை அங்க தனியா விட்டுட்டு வந்தியா, கூட்டிக்கிட்டுப் போனியா?" என்று மட்டும் கேட்டான். கூட்டிக்கொண்டுதான் போனேன். அவள் நம்மோடு வருவதாகச் சொல்வாள்.

குகை, சேலம்

மாரோவிண்டு பேச்சு வந்ததால் எழுதுகிறேன். அந்த மூன்று பேரில் ஒருவரான விவெக்கின் உடம்பு பாதி பொன்னிறம், பாதி சாம்பல் நிறம். ஆணும் பெண்ணும் சேர்ந்தவர் என்று சொல்வார்கள். முதல் தடவை பார்த்தபோது எனக்கு எங்கள் மாமாதான் ஞாபகம் வந்தார்.

ஆடியில் எங்கள் மாரியம்மன் கோயில் வண்டி வேடிக்கை. மாமா ஒரு வருசம் அர்த்தநாரி வேஷம் கட்டி வண்டியில் நின்றார். ஒரு பக்கம் நீலம், ஒரு பக்கம் மஞ்சள். விரதம் இருந்துதான் கட்டினார். தெருவில் ஒரு அம்மா கைக்குழந்தையைத் தூக்கி அவர் காலடியில் வைத்துவிட்டார். வண்டியில் மின்சார ஒயர் ஓடுகிறது, ஜெனரேட்டர் சத்தம். எங்களுக்குப் பக்கென்றது. மாமா அசையவே இல்லை. நீலம் பூசின கையை மட்டும் மெல்ல இறக்கிக் குழந்தை தலைமேல் வைத்தார்.

விவெக் சாமியா, சாமி வேஷம் போட்டவனா என்று கல்லூரி நாளில் நண்பர்களோடு விடிய விடியப் பேசியிருக்கிறேன். நான் எப்போதும் வேஷம் என்ற கட்சி. அன்றைக்கு ராத்திரி தேங்காய் எண்ணெய் போட்டு மாமா முகத்துச் சாயத்தைத் துடைத்துவிட்டவன் நான்தான். அந்தக் கையை மட்டும் துடைக்க விடவில்லை. காலையில் குளிக்கும்போது போகட்டும் என்றார்.