கல்லூரிகளிடம் ஜிஏசி அங்கீகாரத்தை எப்படி எடுத்துச் சொல்வது?

பட்டர்வொர்த்காரன்:
வணக்கம். பினாங்கில் திட்ட மேலாண்மைத் துறையினருக்கான ஒரு சங்கத்தில் இரண்டு வருடமாகக் கல்விப் பிரிவைக் கவனிக்கிறேன். எங்களில் யாருக்கும் சம்பளம் கிடையாது. எனக்குப் பகலில் பாயான் லெப்பாஸில் வேலை, சங்க வேலை எல்லாம் இரவு ஒன்பது மணிக்கு மேல்தான்.

பிஎம்ஐ என்ற அனைத்துலகத் திட்ட மேலாண்மைக் கழகத்தின் அங்கீகார மையமான ஜிஏசி 2001இல் தொடங்கியது. திட்ட மேலாண்மைப் பட்டப்படிப்புகளைத் தரம் பார்த்து அங்கீகாரம் தருகிறது. இங்குள்ள கல்லூரிகளும் அதைப் பெற வேண்டும் என்பது என் நெடுநாள் ஆசை. போன மாதம் மூன்று பேர் ஒரு கல்லூரிக்குப் போனோம். 40 ஸ்லைடு, முக்கால் மணி நேரப் பேச்சு. துறைத் தலைவர் அம்மா பொறுமையாகக் கேட்டுவிட்டு, "எங்களிடம்தான் எம்க்யூஏ இருக்கிறதே தம்பி, இது எதற்கு?" என்றார். எம்க்யூஏ என்பது இங்கே உயர்கல்விப் படிப்புகளை அங்கீகரிக்கும் அரசு அமைப்பு. சரியான பதில் எனக்கு வரவில்லை. பாலத்தைத் தாண்டி வீடு வந்து சேரும்வரை அந்தக் கேள்வியே மனதில் ஓடியது.

செயலவையிலும், "பயிற்சி வகுப்பு நடத்தினால் நாலு காசு வரும், இதில் என்ன வரும்?" என்கிறார்கள். அனுபவப்பட்டவர்கள் சொல்லுங்கள்.

செந்தூல் டீச்சர்:
தம்பி, நான் கோலாலம்பூரில் ஒரு தனியார் கல்லூரி விரிவுரையாளர். எம்க்யூஏவுக்கு மூன்று முறை கோப்பு தயாரித்திருக்கிறேன். அந்த அம்மா கேட்டது நியாயமான கேள்வி. எம்க்யூஏ அங்கீகாரம் இல்லாத படிப்புக்கு பிடிபிடிஎன் என்ற அரசுக் கல்விக் கடன் கிடைக்காது. கல்லூரிக்கு அது உயிர்நாடி. அதன் பக்கத்தில் ஜிஏசியை வைத்து எது பெரியது என்று பேசவே கூடாது.

மாணவருக்கு என்ன கிடைக்கும் என்பதிலிருந்து தொடங்குங்கள். சாதாரண இளங்கலைப் பட்டதாரி, பிஎம்ஐ நடத்தும் திட்ட மேலாளர் சான்றிதழுக்கான பிஎம்பி தேர்வுக்கு விண்ணப்பிக்க, திட்டங்களை வழிநடத்திய அனுபவம் 36 மாதம் வேண்டும். ஜிஏசி அங்கீகரித்த பட்டம் என்றால் 24 மாதம் போதும். முழுசாக ஒரு வருடம் மிச்சம். சுங்கை பட்டாணியிலிருந்து மகனைக் கல்விக் கண்காட்சிக்குக் கூட்டி வரும் அம்மாவுக்கு இதை ஒரு நிமிடத்தில் புரிய வைக்கலாம்.

இன்னொன்று. நான் கடைசியாகத் தயாரித்த கோப்பு நான்கு பெட்டி வந்தது. ஒவ்வொரு பாடத்துக்கும் பாடத்திட்டம், வினாத்தாள், பிறகு திருத்திய விடைத்தாள்களில் நல்லது, நடுத்தரம், மோசமானது என்று மாதிரிகள். என் மகள் ஐந்தாம் படிவத்தில் எஸ்பிஎம் தேர்வு எழுதிய வருடம் அது. சாப்பாட்டு மேசையின் ஒரு பக்கம் அவள் படிப்பாள், மறுபக்கம் நான் தாள்களுக்குத் துளை போட்டுக்கொண்டிருப்பேன். புதிய அங்கீகாரம் என்றதும் இந்த வேலை யார் தலையில் விழும் என்றுதான் எங்களுக்கு முதலில் தோன்றும். அந்த வேலையைச் செய்யப்போகிற விரிவுரையாளரைத் தேடிப் பிடித்துப் பேசுங்கள். படித்து முடித்தவர்கள் எங்கே என்ன வேலையில் இருக்கிறார்கள் என்று திரட்டுவதற்குள் எங்களுக்குப் போதும் போதும் என்றாகிவிடும். உங்கள் உறுப்பினர்களில் பாதிப் பேருக்கு அது தெரிந்திருக்கும். இறுதியாண்டு மாணவர்களின் படைப்பைக் கேட்டுக் கருத்துச் சொல்ல, தொழிற்சாலை அனுபவம் உள்ள இரண்டு பேரை அனுப்பினாலே பெரிய உதவி.

ஆயர் ஈத்தாம் அண்ணன்:
டீச்சர் சொன்னது சரிதான், ஆனால் துறைத் தலைவரை விட்டுவிடாதீர்கள். அங்கீகாரக் கட்டணத்துக்குக் கையெழுத்துப் போடுகிறவர் அவர்.

நான் பொறியியல் பக்கத்து ஆள். எங்கள் துறையில் 1967ஆம் ஆண்டுச் சட்டம் இருக்கிறது, பொறியாளராகத் தொழில் செய்யப் பதிவு வேண்டும். பொறியியல் பட்டங்களை நாடுகள் ஒன்றுக்கொன்று ஏற்றுக்கொள்ளும் வாஷிங்டன் ஒப்பந்தத்தில் 2009இல் மலேசியா முழு உறுப்பு நாடானது. அதனால் கல்லூரிகள் தாமாகவே அங்கீகாரத்தைத் தேடி வரும். திட்ட மேலாளருக்கு அப்படி ஒரு சட்டக் கட்டாயம் இல்லை, அதனால் நீங்கள்தான் வாசல் வாசலாகப் போக வேண்டியிருக்கும்.

முன்பு நான் இருந்த ஒரு சங்கத்தில் நடந்ததைச் சொல்கிறேன். நான்கு வருடத்தில் கல்விப் பொறுப்பாளர் மூன்று பேர் மாறினார்கள். ஒரு கல்லூரி ஆர்வமாக எழுதிய மின்னஞ்சல், விலகிப்போனவரின் சொந்த முகவரிக்குப் போய் ஏழு மாதம் கிடந்தது. அப்புறம் நாங்கள் கூப்பிட்டபோது அவர்கள் பேசவே விரும்பவில்லை. எனக்கு இன்றும் அது வருத்தம்தான். விண்ணப்பம், சுயமதிப்பீடு, நேரில் வந்து பார்ப்பது என்று நீளும் வேலை இது, ஒரு செயலவையின் தவணைக்குள் முடியாது. அதனால் முதலில் சங்கத்துக்கென்று பொதுவான மின்னஞ்சல் முகவரியும் ஒப்படைப்புக் கோப்பும் வையுங்கள்.

"நாங்கள் வாங்கித் தருகிறோம்" என்று மட்டும் வாய் தவறிக்கூடச் சொல்லாதீர்கள். முடிவு ஜிஏசியுடையது. கோப்புக்கு உதவியவர் மதிப்பீட்டுக் குழுவிலும் உட்காரக் கூடாது.

வருமானம் கேட்கிற செயலவையிடம் உறுப்பினர் பட்டியலை எடுத்துக் காட்டுங்கள். முப்பது வயதுக்குக் கீழே எத்தனை பேர் இருக்கிறார்கள் என்று எண்ணச் சொல்லுங்கள். இந்தக் கல்லூரி மாணவர்கள்தான் நாளைய உறுப்பினர்கள்.

பட்டர்வொர்த்காரன்:
இருவருக்கும் மிக்க நன்றி. பட்டியலை நேற்றிரவே எண்ணிப் பார்த்தேன், பதினொரு பேர்தான். அந்தக் கல்லூரியில் கோப்பு வேலை பார்க்கும் விரிவுரையாளரைப் புலனத்தில் (வாட்ஸ்அப்) பிடித்துவிட்டேன். வியாழக்கிழமை மாலை தே தாரிக் கடையில் சந்திக்கிறோம். 36, 24 என்று ஒரே ஒரு தாள் மட்டும் கொண்டு போகிறேன்.

டீச்சர், உங்கள் நான்கு பெட்டிக் கோப்பின் உள்ளடக்கப் பட்டியலைப் பார்க்க முடியுமா என்று அவர் கேட்கிறார். பெயர்களை மறைத்து அனுப்பினால் போதும்.