மாரிஸ் மைனர் விநியோக வேன்: குடும்பமாகப் புதுப்பிக்க ஆலோசனை தேவை

கேள்வி: வணக்கம். மாமா விட்டுச்சென்ற, 1950களின் பிரிட்டிஷ் வண்டியான மாரிஸ் மைனர் விநியோக வேனைப் பிள்ளைகளோடு சேர்ந்து புதுப்பித்து, ஞாயிறுதோறும் இங்கே சிங்கப்பூரின் தேக்காவுக்கு ஓட்டிச் செல்ல விரும்புகிறோம். எதில் தொடங்கலாம்?

பதில் 1: வண்ணப்பூச்சு பிறகு, ஐயா, முதலில் அடிப்பகுதியைப் பாருங்கள். சலூன் காரைப்போல் அன்றி இந்த வேனுக்கு உடலைத் தாங்கும் தனிச் சட்டகம் (chassis) உண்டு என்பதால், நம் ஈரக்காற்றில் துருப்பிடித்த இடங்களை வெட்டியெடுத்துப் புதுத் தகடு பற்றவைத்தால்தான் மற்ற உழைப்பெல்லாம் நிலைக்கும். பழைய பிரேக் பட்டைகளில் நுரையீரலுக்குக் கேடான கல்நார் (asbestos) இருக்கக்கூடும். தூசியை ஊதாதீர்கள், பிள்ளைகளை அருகில் விடாதீர்கள்.

பதில் 2: இன்றைய கார்களுக்கு மாறாக, அக்கால மாரிஸ்களில் பேட்டரியின் நேர்முனையே வண்டியின் உடலோடு இணைந்திருக்கும். கவனம் தேவை. சக்கர மூடிகளை மெருகேற்றும் வேலையைப் பிள்ளைகளிடம் கொடுங்கள், மகிழ்வார்கள்.

பதில் 3: பழைய வாகனங்களுக்கான திட்டங்களில் ஆண்டுக்குக் குறிப்பிட்ட நாள்கள் மட்டுமே ஓட்டலாம் என்பதால், செலவழிக்கும் முன் நிலப் போக்குவரத்து ஆணையத்திடம் விசாரியுங்கள். சரக்குப் பகுதியில் பிள்ளைகளை அமர்த்த வேண்டாம்.