ஊரடங்குக்குப் பிறகு திருப்பூர்: உங்கள் யூனிட்டில், வேலையில் என்ன ஆனது?

பவர் டேபிள்காரர் (மின் தையல் மிஷின்கள் வைத்துத் துணி தைத்துத் தரும் சிறு யூனிட் நடத்துபவர்):
2020 மார்ச் 25-ல் ஊரடங்கு தொடங்கியபோது என் யூனிட்டில் முப்பது பேர் வரை இருந்தார்கள். எக்ஸ்போர்ட் கம்பெனிக்கு ஜாப் ஒர்க், அதாவது அவர்கள் தரும் துணியைக் கூலிக்குத் தைத்துக் கொடுப்பது. ஷட்டர் மூடியிருந்தது சில வாரங்கள்தான், அதைச் சமாளித்திருக்கலாம். வெளிநாட்டு பையர் சரக்கை நிறுத்தி வைக்க, கம்பெனி எங்கள் பில்லை நிறுத்தி வைத்தது. வாடகை பாக்கி, கூலி பாக்கி. பாதி ஓவர்லாக் மிஷினை விற்றுத்தான் அடைத்தேன்.

மே மாதம் அரசு அவசரக் கடன் திட்டம் அறிவித்தது. அடமானம் வேண்டாம், வங்கியில் ஏற்கெனவே உள்ள கடன் பாக்கியில் 20 சதவீதம் வரை கூடுதலாகக் கிடைக்கும், முதல் வருடம் அசல் கட்ட வேண்டாம் என்றார்கள். நல்ல திட்டம்தான். கந்துவட்டிக்கு வாங்கி யூனிட் ஓட்டியவனுக்கு எதில் 20 சதவீதம்?

அப்புறம் ஆர்டர் வந்தது. தைக்க மிஷினும் இல்லை, ஆளும் இல்லை. பிளாட்லாக் தையல் மிஷினில் கை பழகின டெய்லர் போய்விட்டால் புது ஆள் அந்த வேகத்துக்கு வர மாதக்கணக்கில் ஆகும், அதுவரை பாதி பீஸ் ஆல்ட்ரேஷனுக்கு, பிரித்துச் சரிசெய்ய, திரும்பும். பெரிய கம்பெனிகள் வெளி மாநிலத்துக்கு வண்டி அனுப்பி ஆள் கூட்டி வந்தன. எனக்கு அது கட்டுமா?

டெய்லர், தேனிப் பக்கம்:
அண்ணே, போனவர்கள் ஏன் வரவில்லை என்று நான் சொல்கிறேன். கூலி பாக்கியோடு குடும்பமாக ஊருக்குப் போனோம். பிஎஃப்பில் முக்கால் பங்கு அல்லது மூன்று மாத அடிப்படைச் சம்பளம், எது குறைவோ அதை எடுக்கலாம் என்றார்கள். எடுத்தேன், அரிசி பருப்புக்கே சரியாகப் போயிற்று. பிள்ளைகளை ஊர்ப் பள்ளியில் சேர்த்துவிட்டதால் பிறகு நான் மட்டும்தான் திரும்பினேன். பழைய கம்பெனியில் எந்த மிஷினில் உட்கார வைத்தாலும் தைப்பான் என்று ஷிப்டுக்குக் கொஞ்சம் சேர்த்துத் தருவார்கள். புது இடத்தில் அது யாருக்குத் தெரியும்? பழைய கூலியைத் தொடுவதற்குள் இரண்டு தீபாவளி போய்விட்டது. என் மனைவி செக்கிங்கில், தைத்த பீஸில் குறை பார்க்கும் வேலையில், இருந்தவர், அந்தச் சம்பளம் நின்றது நின்றதுதான்.

இன்னொரு யூனிட்காரர்:
2020-ஐ மட்டும் தனியாகப் பார்ப்பது சரியில்லை. 2016 நவம்பரில் நோட்டு செல்லாமல் போனபோது கரண்ட் அக்கவுண்டில் வாரம் 50,000 ரூபாய்தான் எடுக்க விட்டார்கள். எங்கள் சனிக்கிழமைச் சம்பளமே அதைத் தாண்டும். மறு ஜூலையில் ஜிஎஸ்டி, கட்டிய வரி ரீஃபண்டாக வருகிறவரை கைக்காசு முடங்கியது. ஊரடங்கு வரும்போது கையில் மிச்சம் வைத்திருந்தவர்கள் மிஷினை விற்கவில்லை.