மூக்கடி வெள்ளையும் என் அவசரமும்

பறவை பார்க்கப் போன இடத்தில் பெட்டை வாத்தை வேறு இனம் என்று நினைத்து ஏமாந்த கதையை இங்கே ஆளாளுக்குச் சொல்கிறீர்கள். என் பங்குக்கும் ஒன்று.

போன ஜனவரி, டெல்லி எல்லையில் யமுனைக் கரையில் இருக்கும் ஓக்லா பறவைகள் சரணாலயம். மயூர் விஹாரிலிருந்து நானும் எதிர் பிளாக் மாமாவும் கிளம்பினோம். மாமா டெல்லியில் முப்பது வருஷம் சர்க்கார் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். தலையில் குரங்குக் குல்லா, தோளில் ஸ்பாட்டிங் ஸ்கோப் என்ற தொலைநோக்கி, பையில் ஃபிளாஸ்க் காபி. யமுனை மேல் அப்படியொரு மூடுபனி. முதல் அரை மணிக்கு வாசனை மட்டும்தான் வந்தது, ஆறு தெரியவில்லை.

பனி விலகியதும் வழக்கமான வாத்துக் கூட்டம். அதில் பெட்டைகளைப் பிரிப்பது எனக்கு ஓரளவு பழகிவிட்டது. தட்டைவாயனுக்கு அந்தக் கரண்டி மூக்கே போதும். கருவால் வாத்துப் பெட்டைக்கு மூக்கோரம் ஆரஞ்சுக் கோடு, இறக்கையை விரித்தால் சின்ன வெள்ளைச் சதுரம். ஊசிவாலுக்குச் சாம்பல் மூக்கு, நீளக் கழுத்து. அக்டோபரில் வந்திறங்கும்போது ஆண்களில் பலவும் மங்கிய இறகோடு பெட்டை வேஷத்தில்தான் இருக்கும், அது தனித் தலைவலி.

கொஞ்சம் தள்ளி, முங்கி முங்கி எழும் வாத்துகள். அவற்றில் ஒரு கரும்பழுப்புப் பெட்டை. மூக்கடியைச் சுற்றிப் பளிச்சென்று வெள்ளை. எனக்குக் கையே நடுங்கியது. ஸ்காப்! குளிர்காலத்தைப் பெரும்பாலும் கடலோரம் கழிக்கும் வாத்து. இந்தியாவில் தென்படுவதே அபூர்வம். மாமாவைக் கூப்பிடுவதற்கு முன்பே வாட்ஸப் குழுவில் போட்டுவிட்டேன்.

மாமா நிதானமாக ஸ்கோப்பில் கண் வைத்தார்.

“கண்ணு என்ன நிறம்?”

“மஞ்சள், மாமா.”

“ஸ்காப், குடுமி வாத்து ரெண்டுக்குமே மஞ்சள்தான். மூக்கு நுனியைச் சொல்லு.”

நுனி அகலமாகக் கறுத்திருந்தது. ஸ்காப்புக்கு நுனியில் நகம் மாதிரி ஒரு துளிதான் கறுப்பு. எனக்கு வயிற்றைக் கலக்கியது. விடாமல், “குடுமி இல்லையே மாமா” என்றேன்.

“இப்பதானே முங்கி எழுந்தது. உங்கப்பா குளிச்சுட்டு வரும்போது தலைமுடி எப்படி இருக்கும்? அது மாதிரிதான். காயட்டும், இரு.”

காத்திருந்தோம். அது முங்குவதை நிறுத்தி, இறகு கோத ஆரம்பித்தது. சற்று நேரத்தில் பின்மண்டையில் நாலைந்து இறகு மெல்லக் கிளம்பி, தேய்ந்த பிரஷ் போல நீட்டிக்கொண்டது. டஃப்டட் டக், நம் குடுமி வாத்து. அந்தப் பெட்டைகளில் சிலவற்றுக்கு மூக்கடியில் வெள்ளை இருக்குமாம். சிலவற்றுக்கு வாலடியிலும் வெள்ளை இருக்கும், அதைப் பார்த்து ஃபெருஜினஸ் என்ற வேறொரு வாத்து என்று எழுதுபவர்களும் உண்டு என்றார் மாமா. ஃபெருஜினஸ் பெட்டைக்குக் கண் கறுப்பாகத் தெரியும், மஞ்சள் இருக்காது.

செய்தியை அழிக்கப் போனேன். அதற்குள் பதினோரு பேர் பார்த்தாயிற்று. குருகிராமிலிருந்து ஒரு தம்பதி பாதி வழி வந்துவிட்டார்கள். வந்து சேர்ந்தபோது விஷயத்தைச் சொன்னேன். கணவர் ஒன்றும் சொல்லவில்லை. அந்த அம்மாதான், “சரி, காபியாவது இருக்கா?” என்றார். ஃபிளாஸ்கில் அரை டம்ளர் மிச்சம் இருந்தது.